பூனையோடு மலையேறப் போகிறீர்களா? முதலில் பையிலிருந்து தொடங்குங்கள்

பூனையை மலையேற்றத்துக்குக் கூட்டிப்போக ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த ஹார்னஸ் (கயிறு கட்டுவதற்காகப் பூனையின் உடம்பைச் சுற்றி மாட்டும் பட்டை) வாங்கலாம் என்றுதான். நானும் அங்கேதான் தொடங்கினேன். மிளகு என்கிற என் கறுப்புப் பூனையோடு 7 வருடமாகப் பாதை நடந்து, கூடாரத்தில் தூங்கி, ஒரு தடவை அவளைத் தொலைத்துவிட்டு ராத்திரி வரை டார்ச் விளக்கோடு புதர் புதராகத் தேடிய பிறகு சொல்கிறேன்: ஹார்னஸ் இரண்டாவது, பைதான் முதலாவது. பயம் வந்தால் பூனை ஓடி ஒளிய ஓர் இடம் தேடும். அந்த இடம் உங்கள் முதுகில் இருந்துவிட்டால் காடு, மலை, ஆறு எல்லாமே மெல்ல மெல்ல அதற்குப் பழகிவிடும். இல்லாவிட்டால் கண்ணில் படுகிற முதல் புதர்தான் அதற்கு வீடு.

உங்கள் பூனைக்கு இது ஒத்துவருமா?

எல்லாப் பூனைக்கும் ஒத்துவராது. நாய்க்கு நீங்கள் பக்கத்தில் இருந்தாலே போதும், எந்த ஊரும் அதற்குச் சம்மதம். பூனைக்கு ஆளைவிடத் தன் வாசனை படிந்த இடம் பெரிது. காலிங் பெல் அடித்ததும் கட்டிலுக்கு அடியில் போய், வந்தவர் கிளம்பி ஒரு மணி நேரம் ஆன பிறகும் வெளியே வராத பூனையை வற்புறுத்தாதீர்கள், அதற்கு வீடே சொர்க்கம். யாராவது வந்தால் எட்டிப் பார்க்கிற, புதுப் பெட்டி வந்தால் முதல் ஆளாக உள்ளே இறங்கிப் பார்க்கிற, ஜன்னலோரத்திலேயே தவம் கிடக்கிற பூனையாக இருந்தால் முயன்று பார்க்கலாம். குட்டியாக இருக்கும்போதே பழக்கினால் சுலபம் என்பது உண்மைதான், ஆனால் மிளகு என்னிடம் வந்தபோது அவளுக்கு 2 வயது முடிந்திருந்தது. வளர்ந்த பூனையும் பழகும், நாள்தான் கொஞ்சம் கூடுதலாகும். பெர்சியன் போன்ற தட்டை மூக்குப் பூனைகளுக்கு வெயிலில் மூச்சு விடுவதே சிரமம், அவற்றை ஏற்றமான பாதைக்கு நான் கூட்டிப்போக மாட்டேன். சிறுநீரகக் கோளாறோ இதயக் கோளாறோ உள்ள பூனை, தள்ளாத வயதுப் பூனை, இவையும் வேண்டாம்.

முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் அடுத்தது கால்நடை மருத்துவர். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும், பூனைகளுக்கான வழக்கமான கூட்டுத் தடுப்பூசியும் நாள் தவறாமல் போட்டிருக்க வேண்டும். கருத்தடை செய்யாத பூனையை வெளியே கூட்டிப்போகவே வேண்டாம், துணை தேடும் பருவத்தில் எந்தக் கயிறும் தாங்காது. மைக்ரோசிப் போடுங்கள். அரிசி அளவுதான் இருக்கும், தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்திவிடுவார்கள், உலகத் தரப்படி 15 இலக்க எண் ஒன்று அதில் இருக்கும். ஆனால் அந்த எண்ணை உங்கள் போன் நம்பரோடு பதிவு செய்து வைத்தால்தான் பிரயோஜனம். போன் நம்பர் மாறினால் அங்கேயும் மாற்றுங்கள், நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

உண்ணி, தெள்ளுப்பூச்சி மருந்து விஷயத்தில் மட்டும் தயவுசெய்து கவனமாக இருங்கள். நாய்க்கான உண்ணி மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்கிற பூச்சிக்கொல்லி இருக்கிறது. அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குப் போதாது. நாய்க்கு ஒன்றும் செய்யாத அளவு பூனைக்கு நடுக்கம், வலிப்பு வரவழைத்துக் கொன்றேவிடும். வீட்டில் நாயும் இருக்கிறது, ஒரே மருந்தை இரண்டுக்கும் பாதிப் பாதியாகப் போடலாம் என்று நினைக்கவே கூடாது. பூனைக்கென்று மருத்துவர் எழுதிக் கொடுப்பதை மட்டும் போடுங்கள். நாம் கொசுவுக்காகப் பூசிக்கொள்ளும் டீட் கலந்த க்ரீமும் அப்படித்தான், அதைப் பூசிய கையால் பூனையைத் தடவினால் அது நக்கியே உள்ளே அனுப்பிவிடும்.

பை

முதுகுப்பை வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். அடிப்பாகம் கெட்டியாக, தட்டையாக இருக்க வேண்டும், தொய்ந்து போனால் பூனைக்குக் கால் ஊன்ற இடம் கிடைக்காமல் பதறும். குறைந்தது இரண்டு பக்கம் வலை இருக்க வேண்டும். உள்ளே ஹார்னஸை மாட்டி வைக்கச் சின்னக் கொக்கி ஒன்று வேண்டும். விண்வெளி வீரர் தலைக்கவசம் மாதிரி கண்ணாடிக் குமிழ் வைத்த பைகள் படத்தில் அழகாகத்தான் இருக்கின்றன, ஆனால் வெயிலில் அந்தக் குமிழ் வழியாக உள்ளே போகிற சூடு வெளியே வர வழியில்லாமல் தேங்கிவிடும். மலைக்கு அது சரிப்படாது. எடையையும் கணக்குப் போடுங்கள், 4 கிலோ பூனை, பை, அதன் தண்ணீர், சாப்பாடு என்று 6 கிலோவுக்கு மேல் போய்விடும், அப்புறம் உங்கள் சாமான் வேறு.

வாங்கியதும் பூனையை உள்ளே திணிக்காதீர்கள். தரையில் திறந்து வைத்துவிட்டு, அது தூங்கும் பழைய துணியை உள்ளே போட்டுவிட்டு, மறந்துவிடுங்கள். மிளகு மூன்று நாள் சுற்றிச் சுற்றி முகர்ந்தாள், நான்காம் நாள் முன்னங்கால் இரண்டையும் உள்ளே வைத்து எட்டிப் பார்த்தாள், பத்தாம் நாள் மதியம் பார்த்தால் உள்ளே சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அதன் பிறகுதான் சாப்பாட்டுக் கிண்ணத்தை உள்ளே வைக்க ஆரம்பித்தேன். ஜிப்பை ஒரு நிமிடம் மூடித் திறப்பது, அப்புறம் 5 நிமிடம், தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடப்பது, மாடிப்படி ஏறி இறங்குவது, பிறகு காரில் பத்து நிமிடம். ஒவ்வொன்றுக்கும் அது கேட்கிற நாளைக் கொடுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டவர்கள்தான் பின்னால் என் பூனை பையைப் பார்த்தாலே ஓடுகிறது என்கிறார்கள்.

காரில் எச்சில் வடித்தால், கத்தினால், வாந்தி எடுத்தால், கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பிருந்து சாப்பாட்டை நிறுத்திப் பாருங்கள். அப்படியும் தீராவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், பயணப் பதற்றத்துக்குக் காபாபென்டின் போன்ற மருந்து எழுதித் தருவார்கள். எந்த மருந்தானாலும் முதல் தடவை வீட்டில் கொடுத்துப் பாருங்கள், வழியில் வேண்டாம்.

ஹார்னஸும் கயிறும்

பூனையின் தோள் அமைப்பு தெரிந்தால் ஹார்னஸ் ஏன் இவ்வளவு சோதிக்கிறது என்று புரியும். அதன் காறையெலும்பு நமக்கு இருப்பதுபோல் மற்ற எலும்புகளோடு இறுக்கமாகப் பூட்டப்படவில்லை, தசைக்குள் மிதக்கிற மாதிரி இருக்கிறது. அதனால் தலை நுழைகிற சந்தில் தோளையும் சுருக்கி நுழைத்துவிடும். ஹார்னஸிலிருந்தும் அப்படித்தான் கழன்று போகிறது, அதுவும் பின்பக்கமாக. நீங்கள் முன்னால் நின்று கயிற்றை இழுக்கிறீர்கள், பூனை தலையைத் தாழ்த்துகிறது, இரண்டு முழங்கையையும் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு பின்னால் நகர்கிறது, ஹார்னஸ் காதைத் தாண்டி வழுக்கி வருகிறது. இரண்டு நொடி கூட ஆகாது, கையில் வெறும் ஹார்னஸ் தொங்கும்.

அதனால் பூனை பின்னால் நகர ஆரம்பித்தால் இழுக்காதீர்கள். கயிற்றைத் தளர்த்திவிட்டு நீங்களும் அதன் பக்கமாகப் போய்விடுங்கள், கயிறு எப்போதும் அதன் முதுகுக்கு மேலாகவோ பின்னாலோ இருக்கட்டும். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு விரல், மிஞ்சிப்போனால் இரண்டு விரல் நுழைகிற இறுக்கம் போதும். வாங்கிய பிறகு வீட்டுக்குள் இந்தத் தப்பிக்கும் சோதனையை நீங்களே செய்து பாருங்கள், முன்னால் நின்று மெதுவாக இழுங்கள், கழல்கிறதா? கழன்றால் அளவு சரியில்லை, அல்லது அந்த வடிவமே உங்கள் பூனைக்கு ஆகவில்லை. மேல்சட்டை மாதிரி அகலத் துணியில் வருவதும் உண்டு, மெல்லிய பட்டைகளால் ஆனதும் உண்டு, எது பொருந்தும் என்பது ஒவ்வொரு பூனையின் உடல்வாகைப் பொறுத்தது. கழுத்துப்பட்டையில் மட்டும் கயிற்றைக் கட்டவே கூடாது. கழுத்துப்பட்டை பெயர்த்தகடு தொங்கவிடுவதற்கு மட்டும், அதுவும் எங்காவது மாட்டிக்கொண்டால் தானாகவே கழன்றுவிடுகிற ரகமாக இருக்கட்டும்.

முதல் தடவை போட்டதும் பூனை எலும்பே இல்லாத மாதிரி பொத்தென்று பக்கவாட்டில் சாயும், அல்லது வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு ஊரும். பயப்பட வேண்டாம், உடம்பைச் சுற்றி அழுத்தம் பட்டால் பூனைகள் அப்படித்தான். பிடித்த தின்பண்டம் கொடுங்கள், விளையாட்டுச் சாமானை ஆட்டுங்கள், 5 நிமிடத்தில் கழற்றிவிடுங்கள், மறுநாள் மறுபடி. வால் நிமிர்ந்து சாதாரணமாக நடக்க ஆரம்பித்த பிறகு கயிற்றைச் சேருங்கள்.

கயிறு பாதையில் 2 மீட்டருக்குள், திறந்த வெளியில் 4, 5 மீட்டர் இருந்தால் போதும். பொத்தானை அழுத்தினால் தானாகச் சுருளும் கயிறு வேண்டவே வேண்டாம். அதன் பிளாஸ்டிக் கைப்பிடி கை நழுவிக் கீழே விழுந்தால், ஓடுகிற பூனையின் பின்னாலேயே கடகடவென்று துரத்திக்கொண்டு போகும், அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

வெளியே, கொஞ்சம் கொஞ்சமாக

வாசற்படியைப் பூனை தன் காலால் தாண்டக் கூடாது. இது எனக்கு ரொம்ப முக்கியமான விதி. ஹார்னஸை உள் அறையில் போட்டு, பையில் ஏற்றி, பையோடுதான் வெளியே வர வேண்டும். ஒரு முறை தானாக வாசலைத் தாண்டி நடந்துவிட்டால், அப்புறம் கதவு திறக்கும் போதெல்லாம் ஓடப் பார்க்கும்.

முதல் இடம் மலையாக இருக்க வேண்டியதில்லை, ஆள் நடமாட்டமும் நாயும் இல்லாத ஒரு மரத்தடி போதும். பையைக் கீழே வைத்து, திறந்துவிட்டு, பக்கத்தில் சும்மா உட்காருங்கள். அது வெளியே வராமலேயே அரை மணி நேரம் மூக்கை மட்டும் நீட்டி மோப்பம் பிடித்துவிட்டு வீடு திரும்பினால் அன்றைக்குப் பாடம் நன்றாகவே நடந்திருக்கிறது. காது தட்டையாகப் பின்னால் மடங்கினால், கண்மணி கறுப்பாக விரிந்தே இருந்தால், உடம்பைத் தரையோடு ஒட்டிக்கொண்டால் அது பயம், உடனே பைக்குள் விட்டு மூடிவிடுங்கள். குர்ர் என்று சத்தம் போடுவதை வைத்து மட்டும் சந்தோஷம் என்று முடிவு செய்ய வேண்டாம், வலியிலும் பயத்திலும்கூடப் பூனை அப்படிச் சத்தமிடும்.

பாதையில்

கிளம்பும் முன் அந்த இடத்தில் வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதி உண்டா என்று விசாரியுங்கள். பல தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் கிடையாது, அதற்குக் காரணமும் இருக்கிறது. அனுமதி உள்ள இடத்திலும் கயிற்றை அவிழ்க்காதீர்கள். தரையில் கூடு கட்டும் பறவைக்கும் ஓணானுக்கும் உங்கள் செல்லம் ஒரு வேட்டை மிருகம்தான்.

பூனை பாதையில் நேராக நடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பத்தடி நடக்கும், ஒரு கல்லை முகரும், புல்லைக் கடிக்கும், உட்கார்ந்து காதை மட்டும் திருப்பி எதையோ கேட்கும். மிளகு அவளாக நடப்பது ஒரு நாளைக்கு ஒரு கிலோமீட்டர் இருந்தால் அதிகம், மீதித் தூரமெல்லாம் என் முதுகில்தான். அதனால் பூனையோடு போகிற நாளில் நான் உச்சியைக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை, இத்தனை மணிக்குத் திரும்பிவிட வேண்டும் என்று மட்டும் கணக்கு. அதிகாலையில் கிளம்பி, வெயில் ஏறும் முன் நிழலுக்கு வந்துவிடுவேன்.

வெயில்தான் பெரிய எதிரி. பூனையின் சாதாரண உடல் வெப்பமே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை, 40-ஐத் தாண்டினால் ஆபத்து. அதற்கு வியர்ப்பது பாதத்தில் மட்டும்தான். நாய் வாயைத் திறந்து இரைப்பது சகஜம், பூனை அப்படி இரைத்தால் அது எச்சரிக்கை மணி. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், பாதத்தையும் வயிற்றையும் குளிர்ந்த தண்ணீரால் நனைத்து, விசிறிவிடுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். இரைப்பு நின்றாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பாறையில் இறக்கிவிடும் முன் உங்கள் புறங்கையை 7 நொடி அதன் மேல் வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். காதும் மூக்கும் வெள்ளையாக உள்ள பூனைக்கு வெயில் சீக்கிரம் தோலைக் கருக்கும், நாள்பட்டால் அங்கே தோல் புற்றுநோய்கூட வரலாம்.

தண்ணீர் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 மில்லி வேண்டும், ஈர உணவு கொடுத்தால் அதில் பெரும்பகுதி உணவிலிருந்தே கிடைத்துவிடும். வெளியே வந்தால் பல பூனைகள் தண்ணீரைத் தொடாது, அதனால் நான் ஈர உணவில் இன்னும் ரெண்டு ஸ்பூன் தண்ணீர் கலந்து கஞ்சி மாதிரி கொடுப்பேன். ஓடைத் தண்ணீரில் ஜியார்டியா போன்ற கிருமிகள் இருக்கலாம், எடுத்துப் போன தண்ணீரையே கொடுங்கள்.

மலத்தைப் புதைத்துவிட்டு வராதீர்கள், கவரில் கட்டி எடுத்து வந்துவிடுங்கள். பூனையின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் இருக்க வாய்ப்புண்டு, மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து மற்ற விலங்குகளுக்கும் மனிதருக்கும் பரவும். வீட்டில் பூனை மலஜலம் கழிக்கத் தட்டில் போட்டு வைக்கும் லிட்டர் மணலில் ஏற்கெனவே பயன்படுத்தியது ஒரு கைப்பிடி எடுத்துப் போய் மடக்குத் தட்டில் தூவினால், தன் வாசனையை வைத்துப் பூனை அங்கேயே போகும்.

முதலுதவிப் பையில் உள்ள மனிதர் மாத்திரைகளைப் பூனைக்குக் கொடுக்கக் கூடாது. பாராசிட்டமால் ஒரே மாத்திரை போதும், உயிரே போய்விடும்.

கூடாரத்தில் முதல் இரவு

முதல் இரவை வீட்டிலேயே கழியுங்கள், ஹாலில் கூடாரத்தை விரித்து இரண்டு பேரும் அதில் தூங்குங்கள். நகம் பட்டு வலை கிழிகிறதா, ஜிப்பை மூக்கால் நெம்பித் திறக்கிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். மிளகு ஜிப்பின் கீழ் முனையில் பாதத்தை நுழைத்து இழுக்கக் கற்றுக்கொண்டாள், அன்றிலிருந்து இரண்டு ஜிப் தலையையும் சேர்த்து ஒரு சின்னக் கொக்கியில் மாட்டிவிடுகிறேன்.

இடத்துக்குப் போனதும் கூடாரம் முழுசாகக் கட்டி முடிக்கும் வரை பூனை பைக்குள்தான். உள்ளே லிட்டர் தட்டு ஒரு மூலையிலும், தண்ணீர் எதிர் மூலையிலும், பை திறந்தபடி நடுவிலும். வெளிக்கதவை மூடிய பிறகுதான் உட்கதவைத் திறக்க வேண்டும், கதவு திறக்கிற நேரமெல்லாம் கயிறு உங்கள் மணிக்கட்டில். மரத்தில் கட்டிவிட்டு விறகு பொறுக்கப் போய்விடாதீர்கள். கயிறு சுற்றிக்கொள்ளும், நாய் வந்தால் ஓட வழியிருக்காது. இருட்டிய பிறகு பூனை வெளியே வேண்டாம், அந்த நேரத்துக்கு வெளியே வருகிற ஆந்தையும் சிறுத்தையும் அதைத் தீனியாகத்தான் பார்க்கும்.

அந்தி சாய்கிற நேரத்திலும் விடியற்காலையிலும் பூனைக்குச் சுறுசுறுப்பு அதிகம். அதனால் அந்தியில் கூடாரத்துக்குள்ளேயே நன்றாக விளையாடவிட்டு, பிறகு வயிறு நிறையச் சாப்பாடு போட்டால் ராத்திரி ஓரளவு தூங்கும். சமைக்கும்போது வெங்காயம், பூண்டு சேர்ந்த எதையும் கொடுக்காதீர்கள், ரத்த சிவப்பணுக்களை அழித்துவிடும். ஒரு முழு நாள் எதுவுமே சாப்பிடாவிட்டால் பயணத்தை முடித்துக்கொண்டு திரும்புங்கள். பட்டினி இரண்டு மூன்று நாள் நீண்டால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

தொலைந்துவிட்டால்

மூன்றாம் வருடம் ஒரு முகாமில் காலை நேரம், எங்கிருந்தோ ஒரு நாய் குரைத்தது. நான் பதறிக் கயிற்றை இழுத்தேன், மேலே சொன்ன அதே விதத்தில் மிளகு கழன்று போய்விட்டாள். அவள் பெயரைக் கத்திக்கொண்டே அரை கிலோமீட்டர் ஓடினேன், கூட வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். அது தவறு. பயந்த வீட்டுப் பூனை பெரும்பாலும் தொலைவு போகாது, பக்கத்திலேயே ஒளிந்துகொண்டு மூச்சுக்கூட விடாமல் கிடக்கும், கூப்பிட்டாலும் பதில் கொடுக்காது. எங்கள் சத்தமே அவளை அசையவிடாமல் வைத்திருந்தது.

செய்ய வேண்டியது இதுதான். எல்லாரையும் அமைதியாக உட்கார வையுங்கள். பையைத் திறந்து, கழன்ற இடத்திலேயே, அதன் துணியோடு வையுங்கள். சுற்றிலும் முழங்காலிட்டுத் தரைமட்டத்தில் பாருங்கள், வேர் இடுக்கு, பாறைச் சந்து, விழுந்த மரத்தின் அடி. இருட்டிய பிறகு டார்ச்சைக் கண்ணுயரத்தில் பிடித்து மெதுவாகச் சுற்றிக் காட்டினால் பூனையின் கண் ஒளியைத் திருப்பி அனுப்பும். ராத்திரி பதினொன்றரை மணிக்குக் கூடாரத்திலிருந்து இருபது அடி தூரத்தில், காலையிலிருந்து நான் குறைந்தது பத்துத் தடவை தாண்டிப்போன முள்புதருக்குள் இரண்டு பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. கூப்பிடவில்லை, பையைப் புதரின் வாய் வரை தள்ளி வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து படுத்துக்கொண்டேன். நாற்பது நிமிடம் கழித்து அவளாகவே வந்து உள்ளே ஏறினாள்.

ஜிபிஎஸ் கருவி மாட்டுவது நல்லது, ஆனால் அது இடத்தைத் தெரிவிக்க பெரும்பாலும் மொபைல் சிக்னல் வேண்டும். பட்டன் மாதிரி மாட்டிவிடும் புளூடூத் தேடுகருவிக்குச் சுற்றிலும் போன்கள் வேண்டும். ஆளில்லாத காட்டில் இரண்டையும் முழுசாக நம்ப முடியாது.

வீடு திரும்பியதும்

காதுக்குள், கழுத்தடியில், அக்குளில், விரலிடுக்கில் விரலால் தடவித் தடவி உண்ணி பாருங்கள். இருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள், எண்ணெய் ஊற்றுவது, நெருப்பு காட்டுவது எல்லாம் வேண்டாம். பாதத்தில் முள், வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். அப்புறம் அதைத் தூங்கவிடுங்கள், நாள் முழுக்கத் தூங்கும். பையை மட்டும் துடைத்துப் பரண் மேல் ஏற்றிவிடாதீர்கள், துணியைத் துவைக்காமல் உள்ளேயே போட்டு, பழைய இடத்தில் தரையில் திறந்தபடி வைத்துவிடுங்கள். மறுநாள் அது தானாக உள்ளே போய்ப் படுத்தால் அடுத்த பயணத்துக்கு நாள் பார்க்கலாம். பையைச் சுற்றிக்கொண்டு போனால் இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்.